மருந்துப் பம்ப் சுமக்கும் தாய்மார்களே!

இந்த மாதச் சுகாதாரப் பகுதியை உங்களுக்கென்றே எழுதுகிறேன். வீட்டு ஆண்களும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் அண்ணே!

பெண்களுக்கு லேசான வேலை என்று தோட்டத்தில் வெகு காலமாக ஒரு பேச்சு உண்டு. செம்பனைக் குலையை வெட்டுவதும் தூக்குவதும் ஆண்பிள்ளை வேலையாம். உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, புல்லுக்கு மருந்தடிப்பது இதெல்லாம் பெண்பிள்ளை வேலையாம். பலமான வேலைக்குப் பலமான கூலி, லேசான வேலைக்கு லேசான கூலி என்று கணக்கு. இதைத் துரைமார் மட்டும் சொல்லவில்லை. நம் ஆட்களும் காப்பிக்கடையில் உட்கார்ந்து இதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, அந்த லேசான வேலையைக் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம். தோளில் மாட்டும் பம்ப் சாதாரணமாக 16 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பம்பின் எடையையும் சேர்த்தால் 20 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கடையில் 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடியை அடித்துக்கொண்டே, மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மேடும் பள்ளமுமாக இருக்கிற நிரையில் ரப்பர் பூட்ஸோடு நடந்து பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பம்ப் நிரப்பினால் 160 லிட்டர் அந்த முதுகில் ஏறி இறங்குகிறது. இது லேசான வேலையா?

சுமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பம்புக்குள் இருப்பது தண்ணீர் மட்டும் இல்லையே!

இந்த லேசான வேலைக் கதை எங்கிருந்து வந்தது என்று இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். 1920-களின் கடைசியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு அரசாங்கம் வரையறுத்த நாட்கூலி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது அதையும் வெட்டி ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு என்றார்கள். அரிசி விலையில் பெண்ணுக்குத் தனி விலை கிடையாது. கூலியில் மட்டும் உண்டு! புல் வெட்டும் கூட்டம் பெண்கள் கூட்டமாகவே இருந்தது. பிறகு கொத்தும் கத்தியும் போய் மருந்து வந்தபோது, புல் வெட்டிய அதே பெண்கள் கையில் பம்பைக் கொடுத்துவிட்டார்கள். வேலை மாறியது, ஆபத்து பல மடங்கு ஏறியது. ஆனால் பேர் மட்டும் மாறவில்லை. இன்னும் அது "லேசான வேலை"தான்.

ஒரு மருந்து போனது, இன்னொன்று வந்தது

கிராமக்சோனை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பாராகுவாட் என்பது அதன் மருந்துப் பெயர். அதன் நாற்றத்தை இன்னும் சொல்லிக் காட்டும் அம்மாமார்கள் இருக்கிறார்கள். அது பட்ட விரலில் நகம் வெளுத்து, வெடித்து, கழன்று விழும். மருந்துத் தூறல் மூக்கில் ஏறினால் ரத்தம் ஒழுகும். தோலில் பட்டு ஊறினால் வெந்துபோகும். தவறியோ வேண்டுமென்றோ வாயில் போனவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு வாய் போதும். இரண்டொரு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், பிறகு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி மூச்சு நின்றுபோகும். அதற்கு மாற்று மருந்து என்று ஒன்று உலகத்தில் இல்லை.

இந்தப் பாராகுவாட்டை நம் நாட்டில் ஒழிக்க எத்தனை பாடு! 2002-இல் அரசாங்கம் தடை என்று அறிவித்தது. அதே ஆண்டில்தான் தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் பாட்டை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதன் தலைவி ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் 2014-இல் காலமாகிவிட்டார். 2006-இல் தடையைத் தளர்த்திவிட்டார்கள். புல்லுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லையென்று முதலாளிகள் பக்கத்தில் வாதம். கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து முழுத் தடை. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவே 17 ஆண்டுக்கு மேல். அத்தனை ஆண்டும் அந்தப் பம்பைச் சுமந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அதான் தடை பண்ணிட்டாங்களே டிரசர் ஐயா, இப்ப அடிக்கிறது ஒண்ணும் செய்யாதாம், மண்டோர் சொன்னாரு" என்று என்னிடம் சொல்கிறவர்கள் நிறைய. அம்மா, ஒன்றும் செய்யாத மருந்து புல்லை எப்படிச் சாகடிக்கும்?

இப்போது பம்புகளில் அதிகம் போவது கிளைபோசேட், அடுத்தது குளுபோசினேட். கிளைபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சேர்த்தது. வேறு சில நாடுகளின் அதிகாரிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. குளுபோசினேட் விஷயம் தாய்மார்களுக்கு இன்னும் நெருக்கமானது. பிள்ளைபெறும் சக்தியைக் கெடுக்கக் கூடியது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்ற சந்தேகம் உள்ளது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே அதற்கு இருந்த அனுமதி 2018-இல் முடிந்துபோனது. பாராகுவாட் போன இடத்தில் நம் நாட்டில் பல தோட்டங்களில் வந்து உட்கார்ந்தது இந்தக் குளுபோசினேட்தான்.

இளம் கன்றுகளில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் வேறு ரகம். அது பட்டால் முகம் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்று எரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் எரிகிற மாதிரி இருக்கும். அதற்காகக் கழுவாமல் விட்டுவிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது

வாய் வழியாக, மூக்கு வழியாகத்தான் விஷம் போகும் என்று நினைக்கிறோம். மருந்தடிப்பவர்களுக்குப் பெரும்பகுதி தோல் வழியாகவே போகிறது. எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. உள்ளங்கைத் தோல் தடிமன். கண் இமை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பக்கம் உள்ள தோல் மெல்லியது, அங்கே பட்ட மருந்து பல மடங்கு வேகமாக உள்ளே இறங்கும்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். எல்லோரும் ஒதுங்கிவிட்டு வந்தபின் கை கழுவுவோம். மருந்தடிப்பவர்கள் ஒதுங்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். மருந்துக் கையோடு உள்துணியைத் தொட்டால், வீட்டுக்குத் தூரமான நாட்களில் துணியை மாற்றினால், உடம்பிலேயே மெல்லிய இடத்தில் கொண்டுபோய் மருந்தை வைத்த மாதிரி. ஆனால் முன்னால் கழுவு என்று நான் சொல்லிவிடலாம், கழுவத் தண்ணீர் எங்கே? வெளிக்காட்டில் தண்ணீர் டிரம்மும் சோப்பும் ஒரு தடுப்புக் கட்டிய கழிப்பிடமும் இருந்தால்தானே?

ஆண்பிள்ளைகள் ஒரு மரத்தடியில் நின்று வேலையை முடித்துவிடுவார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? காலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த வெயிலில், அந்தச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, நாள் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரோடு! பிறகு சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று மருந்தகத்துக்கு வருவார்கள். நானும் மாத்திரை கொடுப்பேன். இரண்டு மாதம் கழித்து அதே அம்மா அதே நோவோடு வருவார். இந்த நோவுக்கு மருந்து என் அலமாரியில் இல்லை, தோட்டத்துக் கழிப்பிடத்தில் இருக்கிறது.

இன்னொரு நோவு இருக்கிறது, அதைச் சொல்லவே மாட்டார்கள். நாலைந்து பிள்ளை பெற்றவர்கள், பேறுகாலம் முடிந்து சீக்கிரமே பம்பைத் தூக்கியவர்கள் பலருக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கும். "அடியில என்னவோ தள்ளுது", "இடுப்பு கழண்டு விழற மாதிரி இருக்கு" என்பார்கள், அதுவும் என்னிடம் இல்லை, நர்ஸ் அம்மாவிடம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. பிள்ளைப்பேற்றில் தளர்ந்த தசை, அதன்மேல் தினமும் 20 கிலோ. வேறென்ன ஆகும்? சீக்கிரம் வந்தால் தசைப் பயிற்சியாலும், உள்ளே வைக்கும் வளையத்தாலும் சரிசெய்யலாம், முற்றினால் அறுவை சிகிச்சை இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குலை வெட்டி முதுகு பிடித்துக்கொண்ட ஆண் வெட்கப்படுகிறாரா? ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு அல்லவா நடக்கிறார்!

பெண்ணின் நோவை ரகசியமாகவும் ஆணின் நோவைப் பெருமையாகவும் வைத்திருப்பதால் நஷ்டம் யாருக்கு என்று யோசியுங்கள். சொல்லாத நோவு பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் இல்லாத நோவுக்குப் பெர்கேசோ நஷ்டஈடு கொடுக்காது, சங்கம் போய்ப் பேசவும் கையில் ஆதாரம் இருக்காது.

வயிறு தெரியும்வரை காத்திருக்காதீர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பங்கு என்றால் இனிச் சொல்லப்போவது மூன்று பங்கு. மனம் வைத்துப் படிக்க வேண்டும்.

முழுகாமல் இருக்கும் பெண் அதை எப்போது சொல்கிறார்? மூன்றாம் மாதம், நாலாம் மாதம். வாந்தி மயக்கம் வந்தாலும், "வெயில் ஒத்துக்கல" என்று மறைத்துவிடுவார்கள். மறைக்கக் காரணம் உண்டு. சொன்னால் மருந்தடிப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதோடு சில தோட்டங்களில் அந்த வேலைக்குக் கிடைக்கும் படியும் போய்விடும். கான்ட்ராக்டில் இருப்பவர் என்றால் வேலையே போய்விடுமோ என்ற பயம். கண் பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது, அதை நான் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் பிள்ளையின் உடம்பு நம் வசதிக்குக் காத்திருப்பதில்லை. இதயம், மூளை, முதுகுத்தண்டு, கை கால் எல்லாம் உருவாவது முதல் இரண்டு மாதத்துக்குள். அதாவது ஒரு மாதம் தள்ளிப்போய், "இருக்குமோ, இருக்காதோ" என்று நீங்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அங்கே வேலை பாதி முடிந்துவிட்டது. வயிறு தெரிந்தபின் பம்பை இறக்குவது கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் மாதிரிதான்.

ஆகையால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மருந்தடிப்பிலிருந்து விலகுவது நல்லது. நாள் தள்ளிப்போன முதல் வாரமே வாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனை ஐந்து நிமிட வேலை. பரிசோதனை செய்தது தெரிந்தால் லயத்தில் பேச்சாகிவிடும் என்று பயமா? மருந்தகத்தில் நடப்பது மருந்தகத்தோடு இருக்க வேண்டும். அது எங்கள் கடமை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதே சட்டம்தான். ஆயாக் கொட்டகையில் பிள்ளை அழுகிறது என்று மருந்துச் சட்டையோடு ஓடிப்போய்த் தூக்காதீர்கள். குளித்து, உடுப்பை மாற்றிய பிறகுதான் மார்பில் அணைக்க வேண்டும். வீட்டுக்குப் போகுமுன் குளிக்க வேலைத்தளத்தில் இடம் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வக்கீல் இல்லை. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் கர்ப்பமான பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் கேட்க நாதியில்லாத நிலைமை. அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் ஆண் பெண் என்ற பேதம் காட்டக் கூடாது என்று 2001-இல் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் கர்ப்பம் காரணமாக வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அந்தப் பிரிவு தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விமானத்தில் பறக்கிறவருக்கே அந்தக் கதி என்றால் நிரையில் நடக்கிறவருக்கு?

2023 ஜனவரி 1 முதல் நிலைமை மாறியிருக்கிறது. திருத்தப்பட்ட வேலைச் சட்டப்படி கர்ப்பமாக இருப்பதற்காக, அல்லது கர்ப்பத்தால் வந்த நோய்க்காக ஒரு பெண்ணை நீக்குவது குற்றம். வேறு காரணத்துக்காகத்தான் நீக்கினோம் என்று முதலாளி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது முதலாளியே, நீங்கள் அல்ல. 60 நாளாக இருந்த பேறுகால விடுமுறை 98 நாள் ஆகிவிட்டது. குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்திருந்தால், உயிரோடு இருக்கும் ஐந்து பிள்ளைகள்வரை அதற்குச் சம்பளமும் உண்டு. பிள்ளை பெற்ற மனைவிக்குத் துணையாக இருக்க, முன்கூட்டியே அறிவித்த கணவனுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை. (அந்த 7 நாளும் காப்பிக்கடையில் உட்காருவதற்கு அல்ல.)

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 22 வாரத்துக்கு மேல் சுமந்து, பிள்ளை இறந்தே பிறந்தாலும் அது சட்டப்படி பிரசவம்தான். விடுமுறை உண்டு. "பிள்ளைதான் இல்லையே, எதற்கு லீவு" என்று யாராவது கேட்டால் நேரே சங்கக் கிளைக்கு வாருங்கள். 22 வாரத்துக்கு முன்னால் கலைந்துபோனால் பேறுகால விடுமுறை இல்லை, ஆனால் மருத்துவ விடுப்பு எடுக்கலாம். கலைந்த மறுநாளே பம்பைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மருந்து விஷயத்துக்கும் தனி விதிகள் உண்டு. ஆபத்தான ரசாயனங்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, எந்த மருந்து என்ன கெடுதி செய்யும் என்று முதலாளி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும், தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், பாதுகாப்பு உடுப்பு கொடுக்க வேண்டும், தேவையானவர்களுக்கு மருத்துவச் சோதனை செய்ய வேண்டும். கருவுற்ற பெண்ணையும் பாலூட்டும் தாயையும் அந்த வேலையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றவும் அதில் வழி இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில், உடனடியான ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்புகிற தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்றும் இருக்கிறது.

"சட்டமெல்லாம் கோலாலம்பூர்ல இருக்கு, மண்டோர் இங்க இருக்காரு" என்று ஒரு பாட்டியம்மா சொன்னார். சரியான பேச்சு! பெரட்டில் நின்று தனியாக ஒரு பெண் "எனக்கு வேற வேலை குடுங்க" என்று கேட்டால், அடுத்த நாள் அவருக்குக் கிடைக்கப்போவது முள்ளும் சேறும் நிறைந்த நிரை. முகம் பார்த்து வேலை போடுவது, இளித்துப் பேசினால் நல்ல நிரை, முறைத்தால் கெட்ட நிரை என்பதெல்லாம் இன்று நேற்றுக் கதை இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தோட்டத்து மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கையை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். பெண்களுக்காகக் கேட்டதை மறந்துவிட்டோம். இன்றைக்குப் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்தால் முதலாளி விசாரிக்க வேண்டும், விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைப் பற்றிய அறிவிப்பு வேலைத்தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் பெரட்டுக்களத்தில் ஒட்டியிருக்கிறதா? நாளைக் காலையில் பாருங்கள்.

இங்கே வெளிநாட்டுச் சகோதரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பம்ப் தூக்குகிறவர்களில் இந்தோனேசியப் பெண்கள் பலர். அவர்களுக்கு எடுக்கும் மருத்துவச் சோதனையில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தால் தகுதியில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி இருக்கும்போது அந்தப் பெண் எந்த வாயால் உண்மையைச் சொல்வார்? மறைத்துக்கொண்டு எட்டாம் மாதம்வரை மருந்தடிக்கிறவர் இருக்கத்தான் செய்வார். அவர்கள் வேறு நாடு, வேறு மதம் என்று நாம் ஒதுங்கி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் பாட்டிமார்களும் கப்பலில் வந்தவர்கள்தான்.

சங்கத்துக்கும் வீட்டுக்காரர்களுக்கும்

பெரட்டில் பெண்கள் இத்தனை பேர் நிற்கிறார்களே, தோட்டக் கமிட்டியில் எத்தனை பேர்? கூட்டம் இரவு எட்டு மணிக்கு வைத்தால் எந்தத் தாய் வருவாள்? அந்த நேரம் அவள் அடுப்படியில் நிற்கிறாள். கழிப்பிடத்துக்காக ஆண்கள் மட்டும் போய் துரையிடம் பேசினால், அவரும் சிரித்து இவர்களும் சிரித்து விஷயம் காற்றோடு போய்விடும். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கூட்டத்தைப் பகலில் வைத்துப் பாருங்கள், சம்பளத்தன்று வைத்துப் பாருங்கள். சங்கத்துச் சந்தாவில் பெண்ணுக்குக் குறைந்த கூலி மாதிரி குறைந்த மரியாதை என்று எழுதவில்லையே!

வீட்டுக்காரர்களே, உங்கள் பழைய முழுக்கைச் சட்டையை மருந்தடிக்கக் கொடுப்பதோடு உங்கள் உதவி முடிந்துவிடவில்லை. நனைந்த சட்டை மருந்தைத் தடுக்காது, நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைக்கும். முகத்தில் கட்டும் துண்டும் அப்படித்தான். தோட்டம் கொடுக்க வேண்டியது மருந்து ஊறாத ஏப்ரன், நீண்ட ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, சரியான மாஸ்க். கிழிந்தால் மாற்றிக் கொடுக்கவும் வேண்டும், காசு பிடிக்கக் கூடாது. "போட்டா வேக்குது ஐயா" என்கிறீர்கள். உண்மைதான், வேகும். அதனால்தான் மருந்தடிப்பைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும், நடுவில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும் என்று கேட்கச் சொல்கிறேன்.

மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு, அதிலும் பிள்ளைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். தனி வாளி வேண்டும். அதைத் துவைப்பது மனைவிதான் என்று எங்கே எழுதியிருக்கிறது? கையுறை மாட்டிக்கொண்டு நீங்களும் துவைக்கலாம். மருந்து வந்த டின்னையும் கேனையும் அழகாக இருக்கிறதென்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். எண்ணெய் ஊற்றவும் வேண்டாம், செடி வைக்கவும் வேண்டாம். மூன்று தடவை அலசி, ஓட்டை போட்டு ஸ்டோரிலேயே ஒப்படைக்க வேண்டும். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைப்பதைப்போல் கொடிய காரியம் வேறில்லை. குளுபோசினேட் குடித்த பிள்ளை முதல் சில மணி நேரம் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும், பிறகுதான் வலிப்பும் மூச்சுத் திணறலும் வரும். "நல்லாத்தானே விளையாடுது" என்று இருந்துவிடாதீர்கள்.

கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். உடம்பில் கொட்டினால் உடனே துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், அங்கே வெட்கம் பார்க்கக் கூடாது, மற்ற பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ளுங்கள். வாயில் போனால் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பால் எதுவும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதாதீர்கள், ஒரு பழைய பல் தூரிகை போதும். போகும்போது மருந்து டின்னில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழித்தாவது கையில் எடுத்துப் போங்கள். "பச்சையா இருந்துச்சு, நாத்தமா இருந்துச்சு" என்று சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும்?

இன்னும் ஒன்று. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள், பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாத பக்கம் இருந்தாலும் போதும். எந்தத் தேதியில், எந்த நம்பர் காட்டில், என்ன மருந்து, எத்தனை பம்ப் அடித்தீர்கள், அன்றைக்குத் தலைவலியா, மூக்கில் ரத்தமா, கையில் கொப்புளமா, நாள் எப்போது வந்தது, தள்ளிப்போனதா என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பேத்தி எழுதட்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் கிராணியிடம் கேளுங்கள், சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. அடுத்த முறை மருந்தகத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். நான் பார்த்து என் பதிவேட்டிலும் ஏற்றிக்கொள்கிறேன்.